2 லிட்டர் என்ஜினுக்கு எந்த அளவு டர்போ? சாலைக் காருக்கான ஓர் ஒப்பீடு

நான்கு சிலிண்டர்களும் 2 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பெட்ரோல் என்ஜினுக்கு டர்போசார்ஜர் (வெளியேறும் புகையால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள கம்ப்ரஸர் சக்கரத்தால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தேட முனைபவர் கண்ணில் முதலில் படுவது, விற்பனைப் பட்டியலில் ஒவ்வொரு டர்போவுக்கும் எதிரே அச்சிடப்பட்டிருக்கும் அதிகபட்சக் குதிரைத்திறன் எண்தான். 280 போதும் என்று எண்ணி வந்தவர்கூட, பின்னால் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று 450 வரை தாங்கும் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுகிறார். பிறகு 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) வரை உயிரில்லாமல் ஓடும் காரின் குறையை டியூனிங்கில் தேடிக்கொண்டிருக்கிறார். பட்டியலில் உள்ள அந்த எண், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள முடியும் என்பதைச் சொல்கிறதே தவிர, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபின் அந்தக் காற்று எப்போது வந்து சேரும் என்பதைச் சொல்வதில்லை. சாலையில் ஓடும் காருக்கு இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது. பந்தயத் தடத்துக்கு வெளியே என்ஜின் பெரும்பாலான நேரம் 1,800 முதல் 4,500 ஆர்பிஎம் வரையிலேயே சுழல்கிறது.

இந்தக் கேள்வி புதியதன்று. 1973-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவும், 1970-களின் இறுதியில் வந்த சாப் 99 டர்போவும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு கொண்ட, 2 லிட்டர் நான்கு சிலிண்டர் கார்கள். முதலாவது 5,800 ஆர்பிஎம்மில் 170 குதிரைத்திறனையும் 4,000 ஆர்பிஎம்மில் 240 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தந்தது. இரண்டாவது தந்தது 145 குதிரைத்திறன்தான். ஆனால் அதன் 235 நியூட்டன் மீட்டர் 3,000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிட்டது. சாப் பொறியாளர்கள் சிறிய டர்போ ஒன்றை எடுத்துக்கொண்டு, அது அளவுக்கு மீறி அழுத்தம் ஏற்றாதபடி வேஸ்ட்கேட் என்ற மாற்றுவழி வால்வின் வழியாக மிகுதிப் புகையை வெளியேற்றினார்கள். உச்சத்தில் 25 குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து, கீழே 1,000 ஆர்பிஎம்மை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிஎம்டபிள்யூ காரோ, பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) திடீரென வந்து விழும் அதன் குணத்துக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. இன்று உலோகங்களும் பேரிங்குகளும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பேரம் மட்டும் அதேதான்.

ஒப்பீட்டுக்கு இறங்கும் முன், தேவையான காற்று எவ்வளவு என்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் என்ஜினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று ஏறத்தாழ 10 குதிரைத்திறனைத் தரும் என்பது டியூனர்கள் பரவலாகப் பயன்படுத்தும் தோராயம். ஆகவே 280 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 28 பவுண்டு, அதாவது சுமார் 12.7 கிலோ காற்று வேண்டும். 2 லிட்டர் என்ஜின் 6,500 ஆர்பிஎம்மில், 95 சதவீத நிரப்புத்திறனோடு (சிலிண்டரின் கொள்ளளவில் காற்று நிறையும் பங்கு), நிமிடத்துக்குச் சுமார் 6.2 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கும். அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 45 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று கொண்டால், அந்தக் கன அளவுக்குள் 12.7 கிலோவை அடைக்க, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் மேனிஃபோல்டில் முழுமையான அழுத்தம் 1.88 பார் அளவுக்கு இருக்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் போக, பூஸ்ட் அளவி காட்டும் எண்ணாகச் சொன்னால், 0.9 பாருக்குச் சற்றே குறைவு. இன்டர்கூலரிலும் ஏர் ஃபில்டரிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தால், கம்ப்ரஸர் தர வேண்டிய அழுத்த விகிதம் (உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தைப் போல் வெளியேறும் காற்றின் அழுத்தம் எத்தனை மடங்கு என்பது) ஏறத்தாழ 2. இதே முறையில் 350 குதிரைத்திறனுக்குக் கணக்கிட்டால் பூஸ்ட் 1.35 பாரையும் அழுத்த விகிதம் 2.5-ஐயும் தொடுகிறது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் கம்ப்ரஸர் வரைபடத்தைப் படிப்பது எளிது. கிடைமட்ட அச்சில் காற்றின் அளவு, செங்குத்து அச்சில் அழுத்த விகிதம். இடப்பக்கம் சர்ஜ் கோடு (அதைத் தாண்டினால் காற்று பின்னோக்கி அலையும்), வலப்பக்கம் சோக் எல்லை (அதற்கு மேல் காற்றைத் தள்ள முடியாது), நடுவில் திறன்மிகு தீவுகள். 28 பவுண்டும் 2 என்ற விகிதமும் சந்திக்கும் புள்ளி எந்தத் தீவில் விழுகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதே என்ஜின் 2,500 ஆர்பிஎம்மில் அதே பூஸ்ட்டில் கேட்கும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 10 பவுண்டுதான். அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்பதையும் குறித்துப் பார்ப்பவர்கள் குறைவு. என் கணிப்பில் சாலைக் காருக்கான தேர்வு அந்த இடப்பக்கப் புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒப்பீட்டுக்குக் காரெட் நிறுவனத்தின் பழகிய மூன்று டர்போக்களை எடுத்துக்கொள்கிறேன். அவற்றைவிடப் புதிய வரிசைகள் வந்துவிட்டன என்றாலும், இவற்றின் அளவுகள் பலருக்கும் தெரிந்தவை. வேறு நிறுவனத்துப் பொருளை இவற்றோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வதும் எளிது. சிறியது ஜிடி2554ஆர்: கம்ப்ரஸர் சக்கரத்தின் வெளிவிட்டம் 54 மில்லிமீட்டர், நிறுவனம் குறிப்பிடும் எல்லை 270 குதிரைத்திறனை ஒட்டியது. நடுத்தரம் ஜிடி2860ஆர்எஸ்: 60 மில்லிமீட்டர், எல்லை சுமார் 360. பெரியது ஜிடி3071ஆர்: 71 மில்லிமீட்டர், எல்லை 450-ஐத் தாண்டும். மூன்றிலும் பால் பேரிங் என்பதால், அந்த வேறுபாடு ஒப்பீட்டைக் குழப்பாது.

சிறியதை முதலில் பார்க்கலாம். 2 லிட்டர் என்ஜினில் இத்தகைய டர்போ 2,500 ஆர்பிஎம்முக்குள் கணிசமான பூஸ்ட்டைத் தந்துவிடும். 2,500 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் அது ஏறத்தாழ 107 குதிரைத்திறன். டர்போ இன்னும் விழிக்காத நிலையில் அதே என்ஜின் 180 நியூட்டன் மீட்டர் மட்டும் தந்தால் அது 64 குதிரைத்திறன். முந்திச் செல்ல வேண்டிய கணத்தில், கியர் மாற்றாமலே கிடைக்கும் அந்த 43 குதிரைத்திறனின் மதிப்பு, 6,500 ஆர்பிஎம்மில் கூடுதலாகக் கிடைக்கும் 50-ஐவிட அதிகம் என்பதை ஓட்டிப் பார்த்தவர் எவரும் ஒப்புக்கொள்வார்.

விலை மேல்முனையில் கொடுக்கப்படுகிறது. 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் சிறிய கம்ப்ரஸர் சோக் எல்லையை நெருங்க, அதன் திறன் சரிகிறது. 27 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 2 என்ற விகிதத்துக்கு அழுத்தும்போது, 75 சதவீதத் திறனில் அது சுமார் 115 டிகிரியாக வெளியேறும். 60 சதவீதத்தில் 137 டிகிரியை எட்டும். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை மறுபக்கத்தில், டர்பைனில் இருக்கிறது. வெளியேற வேண்டிய புகை குறுகிய டர்பைன் வழியே நெருக்கப்படுவதால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. அது பூஸ்ட் அழுத்தத்தைப் போல் இரு மடங்கை நெருங்கினால், எரிந்த புகையின் ஒரு பகுதி சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) தலைகாட்டும், அதை அடக்க இக்னிஷன் நேரத்தை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதிக்க வேண்டியிருக்கும், தாமதித்தால் புகையின் வெப்பம் இன்னும் ஏறும். சிறிய டர்போவில் பூஸ்ட்டைக் கூட்டிக்கொண்டே போனாலும் குதிரைத்திறன் ஏறாமல் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுழலே காரணம்.

பெரியதில் கதை தலைகீழ். மேலே எக்ஸாஸ்ட் அழுத்தமும் பூஸ்ட் அழுத்தமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், என்ஜின் தடையின்றி மூச்சு விடும், இக்னிஷனை முன்னே நகர்த்தலாம், அதே 0.9 பாரில் சிறியதைவிடக் கூடுதல் சக்தி கிடைக்கும். இந்த நன்மை உண்மையானது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அது தொடங்கும் இடம் 2 லிட்டர் என்ஜினில் பெரும்பாலும் 3,800 அல்லது 4,000 ஆர்பிஎம்முக்கு அருகில். இதில் இரண்டு வேறு குறைகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் 'லேக்' என்று ஒரே சொல்லில் அடைப்பது வழக்கமாகிவிட்டது. ஒன்று, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குக் கீழே எவ்வளவு நேரம் மிதித்தாலும் முழு பூஸ்ட் வராத எல்லை. புகையின் ஆற்றல் போதாததே அதற்குக் காரணம். மற்றொன்று, அந்த எல்லைக்கு மேலே இருக்கும்போதும் மிதித்த கணத்துக்கும் பூஸ்ட் வரும் கணத்துக்கும் இடையிலான காத்திருப்பு. அதற்குக் காரணம் சுழலும் பாகத்தின் நிலைமம். முதலாவதைக் கியரைக் குறைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு முறை காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போதும் உடனிருக்கும்.

நிலைமத்தின் கணக்கு இரக்கமற்றது. ஒரே வடிவமும் ஒரே உலோகமும் கொண்ட சக்கரங்களில் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. 54 மில்லிமீட்டரிலிருந்து 60-க்குப் போனால் சுமார் 1.7 மடங்கு, 60-இலிருந்து 71-க்குப் போனால் 2.3 மடங்கு. இது கம்ப்ரஸர் சக்கரத்துக்கு மட்டுமான கணக்கு. அலுமினியத்தைவிட மும்மடங்கு அடர்த்தியுள்ள நிக்கல் கலவையால் ஆன டர்பைன் சக்கரம்தான் மொத்த நிலைமத்தில் பெரும்பங்கை வகிக்கிறது. எனவே ஒரு டர்போ எவ்வளவு விரைவாகப் பதில் சொல்லும் என்று அறிய விரும்புபவர், எல்லோரும் பேசும் கம்ப்ரஸரை விட்டுவிட்டு டர்பைனின் அளவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் விடை சுவையானது. ஜிடி2554ஆரின் டர்பைன் சக்கர விட்டம் 53 மில்லிமீட்டர், ஜிடி2860ஆர்எஸ்ஸின் டர்பைன் 53.9. கிட்டத்தட்ட ஒன்றே! வேறுபாடு புகை வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது: முன்னதன் வெளியேற்ற விட்டம் சுமார் 42 மில்லிமீட்டர், பின்னதில் 47. அதாவது நடுத்தர டர்போவின் டர்பைன் தாராளமாக மூச்சு விடுகிறது, ஆனால் நிலைமத்தில் அதற்கேற்ற கூடுதல் சுமையைச் சுமத்துவதில்லை. ஜிடி3071ஆரிலோ டர்பைன் விட்டமே 60 மில்லிமீட்டர், வெளியேற்றம் 55. சிறியதிலிருந்து நடுத்தரத்துக்கு நகர்வது மலிவான படி என்பதும், நடுத்தரத்திலிருந்து பெரியதற்கு நகர்வது விலை கூடிய படி என்பதும் குதிரைத்திறன் எண்களில் தெரிவதில்லை. இந்த விட்டங்களில் தெரிகிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. ஜிடி2871ஆர் என்ற டர்போவில் அதே 53.9 மில்லிமீட்டர் டர்பைனோடு 71 மில்லிமீட்டர் கம்ப்ரஸர் சேர்க்கப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு இரண்டு உலகங்களின் நன்மையும் ஒரே இடத்தில் கிடைப்பதுபோல் தோன்றும். நடைமுறையில், சிறிய டர்பைன் பெரிய கம்ப்ரஸரைக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே அழுத்தம் ஏற்ற வைத்துவிடுகிறது; ஆனால் அந்த ஆர்பிஎம்மில் என்ஜினால் அவ்வளவு காற்றை விழுங்க முடிவதில்லை. மேலே சொன்ன 10 பவுண்டுப் புள்ளி 60 மில்லிமீட்டர் சக்கரத்துக்கே சர்ஜ் கோட்டுக்கு அருகில்தான் விழும். 71-இல் அது கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். அங்கே காற்று முன்னும் பின்னும் அலைந்து, படபடவென்ற ஓசையோடு பேரிங்கைத் தாக்கும். மேல்முனையிலோ 53.9 மில்லிமீட்டர் டர்பைன் அந்தக் கம்ப்ரஸரின் முழுத் திறனுக்கு ஏற்ற புகையை எளிதில் வெளிவிடாது. இதை நன்றாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கீழ்முனை பூஸ்ட்டை மின்னணு முறையில் கட்டுப்படுத்துபவர்கள். முதல்முறை டர்போ பொருத்துபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டர்பைன் வீட்டின் (டர்பைன் சக்கரத்தைச் சூழ்ந்த உறையின்) ஏ/ஆர் எண், தேர்வின் அடுத்த நிலை. புகை நுழையும் வழியின் குறுக்குவெட்டுப் பரப்பை, அச்சிலிருந்து அதன் மையத்துக்குள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். அகன்ற வாய்க்காலில் அமைதியாக வரும் நீர் குறுகிய மதகில் சீறிப் பாய்வதுபோல, சிறிய ஏ/ஆர் புகையின் வேகத்தைக் கூட்டிச் சக்கரத்தை முன்னதாகவே சுழற்றுகிறது. ஜிடி2860ஆர்எஸ்ஸுக்கு 0.64, 0.86 என இரு வீடுகள் கிடைக்கின்றன. 280 குதிரைத்திறன் இலக்குக்கு 0.64-ஐ விட்டு நகர எந்தக் காரணமும் இல்லை. 330-ஐத் தாண்ட நினைப்பவருக்கு மட்டும் 0.86 பொருள்படும், அதுவும் கீழே சில நூறு ஆர்பிஎம்மை இழந்து. பெரிய டர்போவை வாங்கி அதற்கு மிகச் சிறிய ஏ/ஆர் வீட்டைப் பொருத்தி இழப்பை ஈடுகட்டிவிடலாம் என்ற யோசனை அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. வீடு மாறினாலும் சக்கரத்தின் நிலைமம் மாறாது. ஆகவே முதல் குறை சற்றுக் குறையும், இரண்டாம் குறை அப்படியே நிற்கும்.

உண்மையாகவே நிலைமத்தைக் குறைப்பது உலோகம்தான். போர்க்வார்னரின் இஎஃப்ஆர் வரிசையில் டர்பைன் சக்கரம் டைட்டானியம் அலுமினைடால் ஆனது. அதன் அடர்த்தி நிக்கல் கலவையின் பாதியளவே. இஎஃப்ஆர் 6258-இல் 62 மில்லிமீட்டர் கம்ப்ரஸரும் 58 மில்லிமீட்டர் டர்பைனும் இருந்தும், அது நடுத்தர டர்போவின் சுறுசுறுப்போடு நடந்துகொள்வதற்கு இதுவே அடிப்படை. விலை கூடுதல், உடலும் பருமன். இடம் நெருக்கமான என்ஜின் அறையில் அது உட்காருமா என்பதை முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

ட்வின் ஸ்க்ரோல், அதாவது புகை நுழைய இரு தனி வழிகள் கொண்ட டர்பைன் வீடு பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜினில் 180 பாகைக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் எரிகிறது. ஆனால் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் அதைவிட அதிக நேரம் திறந்திருக்கும். இதனால் ஒரு சிலிண்டர் தன் புகையை வெளியேற்றி முடிக்கும் தறுவாயில், அடுத்த சிலிண்டரின் அழுத்த அலை அதன்மேல் மோதுகிறது. 1-ஐயும் 4-ஐயும் ஒரு வழியிலும், 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு வழியிலும் பிரித்து அனுப்பினால், ஒரே வழியில் அலைகளுக்கிடையே 360 பாகை இடைவெளி கிடைக்கிறது. அலையின் ஆற்றலும் சிதறாமல் சக்கரத்தைச் சென்றடைகிறது. 60 மில்லிமீட்டர் டர்பைனைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியவருக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம் என்பேன். பிரிக்கப்பட்ட மேனிஃபோல்டும், பெரும்பாலும் இரண்டு வேஸ்ட்கேட்டுகளும் வேண்டும் என்பதால் செலவு பெருகும். சிறிய டர்போவில் இந்தச் செலவுக்கு ஏற்ற பலன் தெரியாது.

மாறும் வடிவ டர்பைன்கள் டீசலில் வழக்கமானவை. பெட்ரோலில், புகையின் மிகுவெப்பத்தைத் தாங்கும் அசையும் தகடுகள் விலைமிக்கவை. போர்ஷ் 2006-இல் 911 டர்போவில் அவற்றைக் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டு மென்பொருளோடு சேர்த்து வடிவமைக்கப்படாத காரில் பிறகு கொண்டுவந்து பொருத்துவதற்கு இதை ஒரு தேர்வாக நான் எண்ணுவதில்லை.

இனி முடிவு. இலக்கு 230 அல்லது 240 குதிரைத்திறனுக்குள் என்றால் சிறியதே சரி. அதில் பூஸ்ட்டை மிதமாக வைத்து, தரமான வேஸ்ட்கேட் வழியைச் செய்துகொண்டால் என்ஜின் ஒரு லிட்டர் கூடியதுபோல் நடந்துகொள்ளும். 250 முதல் 330 வரை நடுத்தரம், 0.64 வீட்டோடு அது 3,000 ஆர்பிஎம்மை ஒட்டி முழு பூஸ்ட்டுக்கு வந்துவிடும். பொதுவாக ஒருவருக்கு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்வது இதையே. 350-க்கு மேல் உண்மையாகவே வேண்டும் என்பவர் பெரியதை ட்வின் ஸ்க்ரோலோடு எடுக்கலாம். அவர் பிஸ்டன், கனெக்டிங் ராட், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றுக்கும் செலவிடத் தயாராக இருக்க வேண்டும், காரை 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்திருக்கும் பழக்கமும் வேண்டும்.

இந்த எல்லைகளை நகர்த்தும் சூழல்கள் சில உண்டு. உச்சக் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் என்ஜின் 2,200 ஆர்பிஎம்மில் சுழல்கிறதா, 3,200-இலா என்று பாருங்கள். முன்னதென்றால் ஒரு படி சிறியதை நோக்கிச் சாய்வது நல்லது. பின்னதென்றால் நடுத்தரத்தில் தயக்கமே வேண்டாம். கொள்ளளவு 2.5 லிட்டரானால் மேற்சொன்ன எல்லா ஆர்பிஎம் எண்களும் கீழிறங்கும், 1.6 லிட்டரானால் ஏறும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 0.8 பார்தான், அங்கேயும் அதே மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கேட்டால் கம்ப்ரஸரின் அழுத்த விகிதம் 2-இலிருந்து 2.5-ஐத் தாண்டும். எல்லையை ஒட்டி ஓடும் சிறிய டர்போ அப்போது அனுமதிக்கப்பட்ட சுழல்வேகத்தை மீறிவிடக்கூடும். மலைப்பகுதியில் ஓடும் காருக்கு, பூஸ்ட் இலக்கை உயரத்துக்கேற்பக் குறைக்கும் கட்டுப்பாட்டைச் சேர்க்க வேண்டும் அல்லது ஒரு படி பெரியதை எடுக்க வேண்டும்.

எதைப் பொருத்தினாலும், மேனிஃபோல்டைச் செய்யும்போதே எக்ஸாஸ்ட் அழுத்தத்தை அளக்க ஒரு துளையும், வெப்பம் சென்சாரை எட்டாதபடி சிறிது நீளத்துக்கு எஃகுக் குழாயும் வைத்துவிடுங்கள். 6,000 ஆர்பிஎம்மில் அந்த அளவு பூஸ்ட்டின் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் டர்பைன் என்ஜினுக்குப் பொருத்தமாக இருக்கிறது. இரு மடங்கைத் தொட்டால், பூஸ்ட்டைக் கூட்டுவதற்குப் பதிலாக வீட்டை மட்டும் அடுத்த ஏ/ஆருக்கு மாற்றிப் பார்க்கலாம். கம்ப்ரஸரையோ முழு டர்போவையோ மாற்ற வேண்டிய தேவை அதன் பிறகுதான் எழும்.